மோர் குடிக்க வந்த மாப்பிள்ளை

புஷ்பா திருமழிசைக்குப் போகக்கூடாது. வேம்புலியின் மண்டைக்குள் ஒரு வாரமாக இந்த ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று பெரியவர்களைப் பார்த்துக் கேட்டான். போன வாரக் கதையில் அவனை அப்படியே நிற்க வைத்துவிட்டுத்தான் நாம் கிளம்பினோம். பாவம், கால் கடுத்திருக்கும்.

புதிதாகத் தெருவுக்குள் வருகிறவர்களுக்காக நாலு வரி. மேனாம்பேட்டில் எல்லையம்மன் கோயிலுக்குப் பின்னால், நடுவே ஓர் ஓலைத் தட்டி மட்டும் நிற்க, ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். ஒன்றில் வேம்புலி. பதினாறு வயது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். அடுத்ததில் ராஜம்மாவும் அவள் ஒரே மகள் புஷ்பாவும். புஷ்பாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோவுக்குக் கம்பிச் சுருள் சுற்றும் கம்பெனிக்குப் போகிறாள்.

வேம்புலிக்கு அவள் மேல் உயிர். அவளுக்கு அவன் மேல் என்ன என்று கேட்டால், ஒன்றுமே இல்லை. மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை அவன் வேகாத வெயிலில் கம்பெனி கேட் வரைக்கும் தூக்கிப் போய்க் கொடுத்தபோது, அவன் கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாயை வைத்து, "லாரி வரும், ஓரமா போ" என்று சொல்லி அனுப்பினாள். அவ்வளவுதான் அவள் தரப்பு.

ஆனால் வேம்புலிக்குப் பெரிய பிடிமானம் ஒன்று இருந்தது. புஷ்பா அவன் அம்மாவை "அத்தே" என்று கூப்பிடுகிறாள். அத்தை என்றால் அத்தை மகன் யார்? கணக்கில் அவன் வாங்கிய மார்க் எப்படியோ, இந்தக் கணக்கை மட்டும் அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் விடை சரியாகவே வந்தது.

அந்த விடையைக் கெடுக்கத்தான் திருமழிசையில் ஒரு மாப்பிள்ளை முளைத்தான். அங்கே இருக்கிற சித்தி வீட்டில் வைத்துத் திங்கட்கிழமை பெண் பார்க்கிறார்கள். பிடித்துப்போனால் அந்த வாரமே தட்டு மாற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஞாயிறு மூன்று மணி பஸ்ஸுக்கு ராஜம்மா மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

அதே ஞாயிறு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எல்லையம்மனுக்குக் காப்பு கட்டுவதாக இருந்தது. காப்பு கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் யாரும் அதன்பின் வேற்றூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் வேலைவெட்டிக்குப் போகலாம். படுக்கைக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். அடுத்த ஞாயிறு தீமிதி முடிந்து, மறுநாள் காப்பு அறுக்கிற வரைக்கும் இதுதான் சட்டம். இதைத்தான் வேம்புலி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சொல்லப் போற? ஜல்தி சொல்லு" என்றார் பூசாரி சின்னப்பையன்.

"சாயங்காலம் காப்பு கட்னா வார்ப்புப் பட்டறை ஆளுங்கோ இன்னா பண்ணுவாங்கோ? அங்க உலைய அணைக்க மாட்டாங்கோ. ஞாயித்துக்கெழமையும் ரெண்டாம் ஷிப்டு மட்டும் கீது. போன வருசம் காப்பு கட்டச் சொல்லோ ஊர்ல இல்லன்னு மூணு பேர தீ மிதிக்க உடல. அவங்கோ வேண்டுதல் அப்டியே நிக்குது. இந்த வருசம் மத்தியானமே கட்டிட்டா எல்லாரும் இருப்பாங்கோ இல்ல?"

போன வருடம் தீ மிதிக்க முடியாமல் போன மூன்று பேரும் ஒன்றாக எழுந்து, "தம்பி சொல்றது கரீட்டு" என்றார்கள்.

இந்த வருடத் திருவிழா பொறுப்பு வேம்புலியின் அப்பா கோவிந்தனிடம் இருந்தது. அவரும் அதே பட்டறையில் உலை முன்னால் நிற்கிறவர்தான். மகன் இப்படி நாலு பேர் நடுவில் நியாயம் பேசி அவர் பார்த்ததே இல்லை. "படிப்பு வீணா போவல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

உச்சிவேளைக்குப் பம்பை முழங்கியது. அம்மனுக்குக் காப்பு கட்டிய கையோடு, "சொன்னவன் கையிலதான் மொத காப்பு" என்று பூசாரி வேம்புலியின் வலது கையைப் பிடித்து இழுத்தார். வேம்புலிக்குக் காப்பு கட்டிக்கொண்டு விரதம் இருக்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் அப்பா எதிரில் கைகூப்பி நிற்கிறார், ஊரே பார்க்கிறது. மஞ்சள் கிழங்கு முடிந்த நூல் மணிக்கட்டில் ஏறிவிட்டது.

"கவுச்சி ஆவாது. பாயில படுக்கக் கூடாது, வெறுந்தரை. காப்பு கட்ன கை பொய் சொல்லக்கூடாது. சொன்னா தீயில கால் வைக்கச் சொல்லோ ஆத்தா காட்டிக் குடுத்துடுவா" என்றார் பூசாரி.

வேம்புலி தலையை ஆட்டினான். இனி பொய் எதற்கு? வேண்டியது நடந்தாயிற்று. புஷ்பா ஊரை விட்டுப் போக முடியாது. ஒரு வாரம் கிடைத்திருக்கிறது. ஒரு வாரத்தில் அவள் மனம் மாறாதா, மாப்பிள்ளை வீட்டில் சலித்துக்கொள்ள மாட்டார்களா, உலகத்தில் என்னதான் நடக்காது? நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவன் நேரே ராஜம்மா வீட்டுக்கு நடந்தான். செய்தியை முதலில் சொல்கிற பாக்கியமாவது தனக்கு இருக்கட்டும் என்று நினைத்தான்.

ராஜம்மா வீட்டு வாசலில் தெரியாத சைக்கிள் ஒன்று நின்றது.

சைக்கிளுக்குப் பக்கத்தில் வேப்ப நிழலில் தெரியாத ஆள் ஒருவன். இருபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பாதி குடித்த மோர் டம்ளர். ராஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்ட மாதிரி நின்றாள்.

"வேம்புலி, பம்பை அடிச்சாங்களே, இன்னாத்துக்கு? காப்பு சாயங்காலந்தானே?"

"இல்லத்தே. மத்தியானத்துக்கு மாத்தியாச்சி. இப்பதான் கட்னாங்கோ." வேம்புலி கையைத் தூக்கிக் காட்டினான். "நீங்கோ திருமழிசைக்குப் போவ முடியாது."

"நாங்க போறது எப்பவோ நின்னுபோச்சிடா! இவங்க அம்மா கிணத்தடியில வழுக்கி உழுந்து கால் பிசகிக்கினாங்களாம். பொண்ணு பாக்கறத அடுத்த மாசம் வச்சிக்கலாம்னு சொல்லத்தான் இந்தத் தம்பி வந்துது. சொல்லிட்டு வாசலோட கெளம்பிச்சி. நான் பாவி, வெயில்ல வந்த புள்ளைய ஒரு வாய் மோராவது குடிச்சிட்டுப் போன்னு நிறுத்திட்டேன்."

வேம்புலிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. நிற்கிறவன்தான் அந்தத் திருமழிசை மாப்பிள்ளை. அவன் சும்மா வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் போதும். புஷ்பா எங்கேயும் போயிருக்க மாட்டாள். இந்த ஆளும் சேதி சொல்லிவிட்டு சைக்கிள் ஏறிப் போயிருப்பான். ஒரு மாதம் நிம்மதியாகக் கழிந்திருக்கும். இப்போது காப்பு கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் அகப்பட்டுவிட்டான். வெளியூர்க்காரனாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். காப்பு அறுக்கிற வரைக்கும் ராத்திரி இங்கேதான் தங்க வேண்டும்.

"அப்ப நான் போவக்கூடாதா?" என்று கேட்டான் அந்த ஆள். பெயர் லட்சுமணன். குரலில் கவலையைத் தேடிப் பார்த்தான் வேம்புலி. அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

"போனா போலாம், ஒண்ணும் ஆவாது" என்றான் வேம்புலி அவசரமாக.

"காப்பு கட்ன கையோட இன்னாடா பேச்சு பேசற!" பின்னாலிருந்து அப்பாவின் குரல். கோவிந்தன் பூசாரியோடும் பாதித் தெருவோடும் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். தலையைச் சொறிந்தார். "தம்பிக்கு எங்க வேலை?"

"ஆவடிங்க. ஃபிட்டரா கீறேன்."

"அப்ப இன்னா, திருமழிசைய விட இங்கேர்ந்து ஆவடி கிட்டதானே? பகல்ல ஆவடி போ, அப்டியே உங்க ஊட்டுக்கும் போய் அம்மாவப் பாரு, துணி எடுத்துக்கோ. பொழுது சாய இங்க வந்துடணும். ஆத்தா காரியம்."

"சரிங்க" என்றான் லட்சுமணன். இவ்வளவு சுலபமாகச் சரி என்கிற ஆளை வேம்புலிக்கு அந்த இடத்திலேயே பிடிக்காமல் போயிற்று.

"எல்லாம் சரி, எங்க தங்கும்?" என்றாள் ராஜம்மா. "எங்க ஊடு ரெண்டு பொம்பளைங்க இருக்கற ஊடு. கண்ணாலம் பேசற புள்ளைய உள்ள வச்சா ஊரு இன்னா பேசும்ணே?"

கோவிந்தன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம ஊடு எதுக்குக் கீது? வேம்புலி கூடப் படுத்துக்கட்டும். அவனுக்குத்தான் இந்த வாரம் பாயி கெடையாதே."

ஆக, தன் பாயும் போயிற்று என்று வேம்புலி புரிந்துகொண்டான். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. புஷ்பாவின் சத்தம் அது. எந்தக் கூட்டத்திலும் அவனுக்கு அது தனியாகக் கேட்கும்.

அன்று மத்தியானம் முழுக்க லட்சுமணனிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவன் கூடவே திரிந்தான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தெருமுனை அடிபம்பு பத்து நாளாகக் காற்றைத்தான் துப்பிக்கொண்டிருந்தது. லட்சுமணன் போய்க் கைப்பிடியை நாலு தடவை அடித்துப் பார்த்தான். "வாசர் தேஞ்சிபோச்சி. பழைய தோல் செருப்பு ஒண்ணு இருந்தா குடுங்க" என்றான்.

தெருவில் எத்தனை வீடு, எத்தனை செருப்பு! ஆனால் வேம்புலியின் அம்மா முனியம்மா ஓடிப்போய்க் கொண்டுவந்தது மகனின் செருப்பை. "இது பிஞ்சிபோனதுதான் தம்பி, வெட்டு" என்றாள்.

"அம்மாவ்! அத தைச்சிப் போடலாம்னு வச்சிருந்தேன்!"

"தைச்சிப் போட்டுகினு எங்க போவப் போற? காப்பு கட்ன கால் செருப்பு போடாது. நவுரு."

பூசாரி சொல்லாத சட்டத்தையெல்லாம் அம்மா சொன்னாள். லட்சுமணன் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, தண்ணீரில் ஊற வைத்து உள்ளே பொருத்தினான். அடிபம்பு இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. பெண்கள் குடத்தோடு முட்டி மோதினார்கள். வேம்புலியின் செருப்பின் வழியாக வந்த தண்ணீரைத் தெருவே பிடித்துக்கொண்டு போயிற்று. அவன் சூடான மண்ணில் வெறுங்காலோடு மாற்றி மாற்றி நின்று அதைப் பார்த்தான்.

வெயில் இறங்கியதும் அவன் தோட்டத்துப் பக்கம் ஓலைத் தட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தான். யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழலாமா என்றுகூட நினைத்தான்.

"வேம்புலி" என்றது தட்டி.

தட்டிக்கு அந்தப் பக்கம் புஷ்பா. ஓலை கிழிந்த இடத்தில் அவள் கண்ணும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன. அவன் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீதான் மத்தியானமே காப்பு கட்ட வச்சியாமே. உங்க நைனா தெரு பூரா சொல்லிகினு கீறாரு."

வேம்புலி ஓலைக் கிழிசலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்டுபிடித்துவிட்டாள், இனி முகத்தில் விழிக்க முடியாது என்று நினைத்தான்.

"உனக்குத் தெரியாது, எனக்கு எம்மாம் பெரிய நல்லது பண்ணிட்ட தெரியுமா?"

"இன்னாது?"

"எங்க சித்தி பொண்ணு வனஜா அக்கா இல்ல? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி ஒரு டம்ளர் காபி குடுத்தா. அந்தக் காபிய குடிக்கற நேரம்தான் அந்த ஆள பாத்தா. இப்ப தெனம் ராத்திரி குடிச்சிட்டு வந்து அடிக்கறானாம். எனக்கு இந்தப் பேச்சு எடுத்ததுலேர்ந்து சோறு எறங்கல. ஒரு நிமிசத்துல ஒரு ஆளப் பத்தி இன்னா தெரியும்? ஆத்தா, நான் தலய நீட்றதுக்கு முன்னாடி அவரு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எனக்குக் காட்டுடின்னு வேண்டிக்கினேன். இப்ப பாரு, தட்டிக்கு அந்தாண்ட கொண்டாந்து உக்கார வச்சிட்டா."

அம்மன் செய்த வேலைக்குத் தான் கையாளாக இருந்திருக்கிறோம் என்பது வேம்புலிக்கு ஆறுதலாக இல்லை.

"நான் பேசிப் பாக்க முடியாது. அம்மா கொன்னுடும்" என்றாள் புஷ்பா. "நீ அவரு கூடவே இருக்கப் போற. குடிக்கறாரா, கோவம் வருதா, அடுத்தவங்கள எப்டி பேசறாரு, எல்லாம் பாத்து வச்சிக்கோ. காப்பு அறுக்கற அன்னிக்கி எனக்குச் சொல்லு. நீ நல்லவருன்னு சொன்னா கட்டிக்கறேன். வேணாம்னு சொன்னா, எங்கம்மா தலகீழா நின்னாலும் மாட்டேன்."

"நான் சொன்னாவா?"

"நீ சொன்னா."

ஒரே ஒரு வார்த்தை. வேணாம். அதைச் சொன்னால் தீர்ந்தது. இந்தச் சைக்கிள், இந்த வெள்ளைச் சட்டை, இந்தப் பம்பு, எல்லாம் திருமழிசைக்குத் திரும்பிப் போய்விடும்.

"ஏன் என்னியப் போயி கேக்கற?" என்றான்.

"வேற யாரு கீறாங்க எனக்கு? அப்பா இல்ல. கூடப் பொறந்தது இல்ல. இந்தத் தெருவுல என் நல்லதுக்குன்னு பேசறது நீ ஒருத்தன்தான். அன்னிக்கி டிபன் பாக்ஸ எடுத்துகினு அந்த வெயில்ல வந்தியே, கம்பெனி பொண்ணுங்க யாருடின்னு கேட்டாளுங்கோ. என் தம்பின்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "காப்பு வேற கட்டிகினு கீற. நீ பொய் சொல்ல மாட்ட" என்றாள்.

அத்தைக் கணக்கு அத்தோடு முடிந்தது. தம்பி என்ற வார்த்தை அவனுக்கு உண்மையாகவே வலித்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்க, அவள் தன் வாழ்க்கையைத் தூக்கி அவன் கையில் கொடுத்திருக்கிறாள். ஆரஞ்சு மிட்டாய் வாங்கிய அதே கை.

"இது வரைக்கும் எப்டி? இன்னா தோணுது?" என்று கேட்டாள்.

அவன் மணிக்கட்டைப் பார்த்தான். மஞ்சள் நூல் வேர்வையில் நனைந்து தோலில் சாயம் விட்டிருந்தது.

"இது வரைக்கும்..." என்று இழுத்தான். "இது வரைக்கும் ஒண்ணும் தப்பா தெரியல."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தனக்கானது இல்லை என்று தெரிந்தே வேம்புலி கேட்டுக்கொண்டிருந்தான்.

விளக்கு வைத்ததும் முனியம்மா சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும். லட்சுமணன் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்க் கழுவினான். அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை தட்டு கழுவுவதை முனியம்மா அன்றுதான் பார்த்தாள். வேம்புலியை ஒரு பார்வை பார்த்தாள். அவனும் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் புஷ்பாவும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பலும் தேங்காய் நாரும் சட்டியில் உரசுகிற சத்தம் சீராகக் கேட்டது. லட்சுமணன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டபடி நின்றான். பிறகு வேம்புலியின் பக்கம் குனிந்தான்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனைக்காத."

"கேளு அண்ணாத்தே."

"எனக்கு அந்தப் பொண்ணப் புடிச்சிருக்கு. மோர் குடுக்கச் சொல்லோ கதவு சந்துல ஒரு தடவ பாத்தேன், அவ்ளோதான். ஆனா பெரியவங்க சொல்றாங்கன்னு மனசுல ஒருத்தன வச்சிகினு கழுத்த நீட்ற பொண்ணுங்கோ கீறாங்கோ. அந்தப் பாவம் எனக்கு வேணாம். நீ பக்கத்து ஊடு. உனக்குத் தெரியும். காப்பு கட்ன கை, பொய் சொல்ல மாட்ட." குரலை இன்னும் தாழ்த்தினான். "அந்தப் பொண்ணு மேல இந்தத் தெருவுல யாருக்காவது ஆசை கீதா?"

வேம்புலி கையில் இருந்த தட்டிலிருந்து தண்ணீர் அவன் வெறுங்காலில் சொட்டியது. அவள் மனசில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லிவிடலாம். அது சத்தியம். ஆனால் இந்த ஆள் கடைசியில் அதைக் கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டுவிட்டான். வேம்புலி மஞ்சள் நூலை இடது கையால் மூடிப் பார்த்தான். மூடினாலும் அது அங்கேயேதான் இருந்தது.

"கீது" என்றான். "ஒருத்தனுக்குக் கீது."

"யாருக்கு?"

ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.